வாத்தியம் இல்லாமல் பாட ஏற்ற ஜப்பானியப் பாட்டுகள் எவை?

கேள்வி இதுதான்: "ஜப்பானில் வேலை பார்க்கும் நாங்கள் ஐந்து பேர். மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். அலுவலகத்தின் ஆண்டு இறுதி விருந்தில் வாத்தியமே இல்லாமல், அக்கபெல்லாவாக, ஜப்பானியப் பாட்டுகள் பாட ஆசை. எல்லோருக்கும் தெரிந்த பாட்டாகவும் இருக்கவேண்டும், எங்களால் பாட முடிவதாகவும் இருக்கவேண்டும். எதை எடுக்கலாம்?"

நாகோயாவில் ஒரு பொதுமக்கள் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் சிறு குழுவில் ஏழு வருடம் பாடியிருக்கிறேன். மெட்டைப் பாடுகிறவன் நான் இல்லை. மேலே பெண்குரல், கீழே பேஸ் என்ற மிகத் தாழ்ந்த ஆண்குரல், இடையில் "ஊ", "ஆ" என்று இழுக்கிற நடுக்குரல் என்னுடையது. பாட்டைப் பற்றிய என் தேர்வு முழுவதும் அந்த இடத்தில் நின்று கேட்டதிலிருந்து வந்தது.

ஐந்து பேர் குழுவில் ஒரு நேரத்தில் மெட்டைப் பாடுவது ஒருவர்தான். மற்ற நால்வர் அதைத் தாங்குகிறார்கள். அந்த நால்வருக்குப் பாட்டு எதையும் கொடுக்கவில்லை என்றால் மூன்றாவது ஒத்திகையிலேயே அலுத்துப்போகும், அந்த அலுப்பு மேடையில் கேட்கும். அதனால் ஒரு பாட்டை எடுக்கலாமா என்று பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, நடுக்குரலுக்கு இதில் என்ன இருக்கிறது என்பதுதான். அடுத்ததாக, மெட்டு தனியாக நிற்குமா என்று பார்ப்பேன். பாத்திரம் கழுவும்போது துணைக்கு எதுவும் இல்லாமல் அந்தப் பாட்டை முழுதாகப் பாடிப் பாருங்கள். நடுவில் எங்கேயாவது "இங்கே கிட்டார் வரும்" என்று மனசுக்குள் நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தால் அந்தப் பாட்டு உங்களைக் கஷ்டப்படுத்தும்.

இந்த இரண்டிலும் முழுதாகத் தேறுகிற பாட்டு "உஏ ஓ முயித்தே அருக்கோ". 'அண்ணாந்து பார்த்தபடி நடப்போம்' என்று பொருள். 1961இல் வந்தது. எழுதியவர் ரொகுசுகே எய், இசை ஹச்சிதாய் நகமுரா, பாடியவர் க்யூ சகாமொத்தோ. இந்த மூவரின் பெயர்களிலும் ஜப்பானிய எழுத்தில் 6, 8, 9 என்ற எண்கள் இருப்பதால் அவர்களை 'ஆறு-எட்டு-ஒன்பது மூவர்' என்றே சொல்வார்கள். அமெரிக்காவில் இதே பாட்டு மாட்டிறைச்சிக் குழம்பு ஒன்றின் பெயரான 'சுகியாகி' என்ற தலைப்பில் வெளியாகி, 1963 ஜூனில் மூன்று வாரம் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. பாட்டுக்கும் அந்தக் குழம்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கண்ணீர் கீழே விழாமல் இருக்க அண்ணாந்து நடக்கிற ஒருவனின் பாட்டு இது. 1960இல் அமெரிக்க-ஜப்பான் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிராக நடந்த போராட்டம் தோற்றுப்போன வருத்தத்தில் எய் இதை எழுதியதாகச் சொல்வார்கள். சகாமொத்தோ 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் விமான விபத்தில் இறந்தார். அப்போது வயது 43. இன்றும் ஜப்பானியர்கள் இந்தப் பாட்டைக் கேட்கும்போது இதெல்லாம் சேர்ந்துதான் கேட்கிறது.

இப்போது பாடுகிறவரின் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். மெட்டின் பெரும்பகுதி ஜப்பானியர்கள் 'யொனநுக்கி' என்று சொல்லும் ஐந்து சுர வரிசையில் போகிறது. யொ என்றால் நான்கு, ந என்றால் ஏழு, நுக்கி என்றால் நீக்கியது. ஏழு சுரங்களில் நான்காவதையும் ஏழாவதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ச ரி க ப த. நம் மோகனமேதான். மத்திமமும் நிஷாதமும் இல்லாததால் அரைச்சுர இடைவெளி எங்கும் வராது, துணை இல்லாமல் பாடினாலும் சுருதி வழுக்குகிற இடங்கள் குறைவு. மோகனம் காதில் ஊறிய ஒருவருக்கு இந்த மெட்டு ஒரு மாலையில் வந்துவிடும்.

நடுக்குரலுக்கான பரிசு பாட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. 'சந்தோஷம் மேகத்துக்கு மேலே, சந்தோஷம் வானத்துக்கு மேலே' என்ற பொருளில் ஒரு வாக்கியம் இரண்டு முறை வரும் இடம். முதல் முறை மத்திமத்தை அடியாகக் கொண்ட மேஜர் கார்டு (கார்டு என்றால் பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது). இரண்டாவது முறை அதே கார்டு மைனராக மாறும். நம் கணக்கில் சொன்னால் சதுஸ்ருதி தைவதம் சுத்த தைவதமாக அரைச்சுரம் இறங்குகிறது. சொற்கள் சந்தோஷத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது கீழே அந்த ஒரே ஒரு சுரம் இறங்கிவிடுகிறது. வாத்தியங்களோடு கேட்கும்போது அது கடந்து போய்விடும். ஐந்து குரல்கள் மட்டும் இருக்கும்போது கூடத்தில் இருக்கிற எல்லோருக்கும் அது கேட்கும். அந்த இறக்கத்தை உங்கள் நடுக்குரல்காரரிடம் கொடுங்கள், அவசரப்படாமல் பாடச் சொல்லுங்கள். நான் அந்த ஒரு சுரத்துக்காகவே இந்தப் பாட்டை நூறு முறைக்கு மேல் பாடியிருப்பேன், இன்னும் அலுக்கவில்லை.

மூலப் பதிவில் இடையில் சீட்டி வருகிறது. உங்களில் நன்றாகச் சீட்டியடிக்கத் தெரிந்தவர் இருந்தால் அங்கே அவரை விட்டுவிட்டு மற்ற நால்வரும் வாயை மூடி முனகினால் போதும். தாளத்துக்கு வாயால் டிரம்ஸ் எல்லாம் வேண்டாம். இரண்டாவது, நான்காவது அடிகளில் விரல் சொடுக்குங்கள்.

இரண்டாவதாக நான் சொல்வது "ட்சுபாசா ஓ குதசாய்", 'சிறகுகள் தாருங்கள்'. 1971இல் அக்காய் தோரி என்ற ஐவர் குழு வெளியிட்டது. சொற்கள் மிச்சியோ யமகாமி, இசை குனிஹிகோ முராய். பள்ளிப் பாடப்புத்தகங்களில் ஏறி, ஜப்பானில் பள்ளிக்குப் போன எவரும் ஒருமுறையாவது வகுப்போடு சேர்ந்து பாடிய பாட்டாக ஆகிவிட்டது. அலுவலக விருந்தில் இதன் பல்லவி வந்ததும் மேசைகளிலிருந்து குரல்கள் சேர்ந்துகொள்ளும், கட்டாயம். ஆரம்பம் தாழ்ந்த குரலில் குறுகிய எல்லைக்குள் நடக்கிறது, பல்லவியில் 'இந்தப் பெரிய வானில்' என்று திறந்துகொண்டு மேலே ஏறுகிறது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் நீண்ட சுரம் வருவதால் அந்த இடைவெளியில் மற்றவர்கள் சொல்லையே எதிரொலியாகத் திருப்பிப் பாடலாம். முதல்முறை பாடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது.

இதே இசைத்தட்டின் முதல் பக்கத்தில் இருந்தது "தக்கேதா நோ கொமொரி உத்தா", கியோத்தோவின் தக்கேதா பகுதியில் பிறந்த தாலாட்டு. பிள்ளை பார்க்கும் வேலைக்கு அனுப்பப்பட்ட ஏழைச் சிறுமி, தன் வீட்டை நினைத்துப் பாடுவது. அந்தப் பகுதி, சாதியைப் போன்ற ஒதுக்கலுக்கு ஆளான புராக்கு மக்கள் வாழ்ந்த இடம் என்பதால் ஒலிபரப்பு நிறுவனங்கள் இதை நெடுங்காலம் தவிர்த்துவந்தன. விருந்துக்கு வேண்டாம். ஆனால் உங்கள் குழு நிலைத்து, வேறொரு நாள் அமைதியாக உட்கார்ந்து கேட்கிற கூட்டம் கிடைத்தால், பெண்குரல் ஒன்றும் கீழே நீண்ட ஒற்றைச் சுரமும் மட்டும் வைத்து இதைப் பாடுங்கள்.

அக்காய் தோரி 1974இல் கலைந்தபோது அதிலிருந்து பிரிந்தவர்கள் ஹை-ஃபை செட் என்ற மூவர் குழுவாகி, 1975இல் "சொட்சுக்யோ ஷாஷின்" என்ற பாட்டோடு வந்தார்கள். 'பட்டமளிப்புப் புகைப்படம்' என்று பொருள், எழுதி இசையமைத்தவர் யுமி அராய். மூன்று குரல் நெருக்கமாகச் சேர்ந்து நகர்வது எப்படி இருக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ள அவர்களின் பதிவைக் கேளுங்கள்.

சரி, "ஜப்பானிய அக்கபெல்லா" என்றதும் இங்கே இருப்பவர்களுக்கு நினைவு வருவது கோஸ்பெலர்ஸ் குழுதான். அவர்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வசேதா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரீட் கார்னர் சிம்பொனி என்ற மாணவர் குழுவிலிருந்து 1991இல் உருவான ஐவர். 1994இல் தொழில்முறையாக வந்தார்கள். 2001இல் வெளியான "ஹித்தோரி" ஒரு வாத்தியமும் இல்லாத பாட்டு. அது விற்பனைப் பட்டியலில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தது. குரல்கள் மட்டுமே கொண்ட பாட்டு அங்கே போய் நிற்பது பெரிய விஷயம். அதே 2001இல் ஃபுஜி தொலைக்காட்சியில் 'ஹமொநெப்பு' என்ற அக்கபெல்லாப் போட்டி தொடங்கி, உயர்நிலைப்பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் நாடெங்கும் குழு குழுவாகச் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே ராக் ஃபேர் என்ற அறுவர் குழு ஒரே நாளில் இரண்டு பாட்டுகளை வெளியிட்டு, இரண்டுமே பட்டியலின் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. ஒரு மெட்டுக்குரல், மூன்று கோரஸ், ஒரு பேஸ், ஒரு வாய்த்தாளம் என்ற ஆறு பேர் அமைப்பு இங்கே வழக்கமானது அந்தக் காலத்தில்தான்.

ஆனால் "ஹித்தோரி"யை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஐந்து ஆண் குரல்களுக்காகக் கட்டிய பாட்டு அது. நடுக்குரல்கள் மிக நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்று உரசுகிற இடைவெளியில் போகும். மேல் குரல் பொய்க்குரலுக்கு வழுக்கி ஏறி, அங்கிருந்து தடுமாறாமல் திரும்பி வரவேண்டும். எங்கள் குழு ஒரு வருடம் முயன்று, கடைசியில் தனிப்பட்ட கூட்டம் ஒன்றில் மட்டும் பாடினோம். காதுக்குப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டு ஒரே ஒரு நடுக்குரலை மட்டும் பிரித்து எழுத முயலுங்கள். காதால் கேட்டு எழுதுவதை இங்கே 'மிமிகொப்பி' என்பார்கள், மிமி என்றால் காது. அந்த வேலையை இரண்டு வாரம் செய்தால் உங்கள் காது வேறு காது ஆகிவிடும்.

அந்த நெருக்கமான ஒலி உங்களுக்குப் பிடித்திருந்தால், எளிதான வழி ஒன்று உண்டு: டூ-வாப், அதாவது பொருளில்லாத அசைகளைக் கோரஸ் பாடித் தாங்கும் பழைய அமெரிக்கக் குழுப்பாட்டுப் பாணி. ஜப்பானிய அக்கபெல்லாவின் வேர் அங்கேதான் இருக்கிறது. தட்சுரோ யமஷித்தா 1980இல் "ஆன் தி ஸ்ட்ரீட் கார்னர்" என்ற தொகுப்பில் பழைய அமெரிக்க டூ-வாப் பாட்டுகளின் எல்லாக் குரல்களையும் தானே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்து பாடினார். அதே ஆண்டு சேனல்ஸ் என்ற குழு டூ-வாப் பாணியில் "ரன்அவே" பாட்டோடு புகழ்பெற்றது. அவர்களே பின்னாளில் ராட்ஸ் அண்ட் ஸ்டார் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் 1996இல் பாடிய "யுமெ தே அஎத்தரா", 'கனவில் சந்திக்க முடிந்தால்', உங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். சொல்லும் இசையும் எய்இச்சி ஓத்தகியுடையவை, 1976இல் மினாகோ யோஷிதா பாடியது. வேகம் நிதானமானது, கார்டுகள் எதிர்பார்த்த வழியில் திரும்பும். பேஸ் குரலுக்கு 'டூம் டூம்' என்று நடக்கும் தனி மெட்டே கொடுக்கலாம், கோரஸுக்கு 'ஷுவா ஷுவா' என்ற சொற்கள். நடுக்குரல் வெறும் நீட்டலோடு நிற்காமல் தாளத்தோடு அசையலாம். சில பதிவுகளில் இடையில் மெட்டில்லாமல் பேசும் பகுதி உண்டு. உங்களில் ஜப்பானிய உச்சரிப்பு நன்றாக உள்ளவர் அதைப் பேசினால் கூட்டம் கைதட்டும். ஆண்களும் பெண்களும் கலந்த குழுவுக்கு நான் முதலில் எடுத்துக்கொடுக்கிற பாட்டு இது.

டிசம்பர் விருந்து என்பதால் யாராவது யமஷித்தாவின் "கிறிஸ்துமஸ் ஈவ்" பாடச் சொல்வார்கள். 1983இல் வந்து, ரயில் நிறுவன விளம்பரத்தில் இடம்பெற்று, 1989இல் முதலிடத்துக்குப் போன பாட்டு. இன்றும் டிசம்பரில் கடைகளில் ஒலிக்கிறது. அதன் நடுவே பாஹெல்பெல் என்ற பழைய ஜெர்மன் இசையமைப்பாளரின் 'கேனன்' இசை வரும், முழுக்க முழுக்க குரல்களால், அதுவும் யமஷித்தா ஒருவரே அடுக்கிப் பாடியது. அந்தச் சில நொடிகள் ஜப்பானியப் பாப் இசையில் குரலுக்கு எழுதப்பட்ட மிக அழகான பகுதிகளில் ஒன்று என்று நினைக்கிறேன். ஆனால் அது கால அளவிலும் சுருதியிலும் ஒரு மயிரிழை விலகினாலும் குலைந்துவிடும். முழுப்பாட்டும் எடுக்காதீர்கள். கேனனின் அடிச்சுரங்களை மட்டும் தினமும் குரல் பழக்கத்துக்குப் பாடுங்கள்.

அடுத்தது ஜப்பானின் தென்கோடித் தீவுகளான ஓகினாவா. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

தி பூம் குழுவின் "ஷிமா உத்தா", 'தீவுப் பாட்டு', தனி இசைத்தட்டாக 1992இல் முதலில் ஓகினாவா மொழி வடிவத்தில் வந்தது, 1993இல் பொதுமொழி வடிவம். எழுதிப் பாடியவர் கசுஃபுமி மியசாவா. அவர் ஓகினாவாக்காரர் இல்லை, பெருந்தீவின் கோஃபு நகரில் பிறந்தவர். ஓகினாவாவில் ஹிமெயூரி அருங்காட்சியகத்துக்குப் போனபோது, 1945 போரில் மருத்துவ உதவிக்கு அனுப்பப்பட்டுப் பெருமளவில் உயிரிழந்த பள்ளி மாணவிகளைப் பற்றி, உயிர்பிழைத்த ஒருவரே சொல்லக் கேட்டு எழுதியது. மேலோட்டமாகக் கேட்டால் காதலர் பிரிவுப் பாட்டு. தேய்கோ பூ பூத்தது, காற்றைக் கூப்பிட்டது, புயல் வந்தது என்று போகும். உள்ளே போர்.

பாட்டின் பெரும்பகுதி ஓகினாவாவின் ஐந்து சுர வரிசையில் இருக்கிறது: ச க ம ப நி. ரிஷபமும் தைவதமும் இல்லை. அது நமக்குக் கம்பீரநாட்டை. கோயில் வாசலில் நாகஸ்வரத்தில் மல்லாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சுரங்கள் புதிதல்ல. நான் முதன்முதலில் இந்தப் பாட்டைக் கேட்டபோது சுவாமி புறப்பாடு கண்முன் வந்தது, ஜப்பானிய நண்பர்களுக்கு அதை விளக்க முடியாமல் தவித்தேன். நடுவில் கரும்புக் காட்டில் சந்தித்ததையும் அங்கேயே பிரிந்ததையும் சொல்லும் பகுதி வருகிறது. அங்கே மட்டும் ஓகினாவா வரிசை போய், வழக்கமான மேற்கத்திய வரிசை வந்துவிடும். அந்தச் சாவுகளுக்குப் பெருந்தீவு ஜப்பான் பொறுப்பு என்பதால், அந்தப் பகுதியை ஓகினாவாவின் சுரங்களில் தன்னால் எழுத முடியவில்லை என்று மியசாவாவே சொல்லியிருக்கிறார்.

அக்கபெல்லாவில் இந்த மாற்றத்தைக் காட்டுவதற்கு உங்களிடம் அருமையான கருவி இருக்கிறது. ஓகினாவா வரிசைப் பகுதி முழுதும் கார்டே வைக்காதீர்கள். கீழே ச-ப மட்டும் தம்புரா போல நிற்கட்டும், மேலே ஒரு குரல் பாடட்டும். கரும்புக் காட்டுப் பகுதி வந்ததும் நால்வரும் முழு கார்டுகளாகத் திறந்துகொள்ளுங்கள். பிறகு மறுபடி ச-ப. எந்தச் சொல்லும் புரியாதவருக்கும் ஏதோ நடந்துவிட்டது என்று தெரியும். எல்லோரும் எல்லா இடத்திலும் கார்டு வைத்து நிரப்புகிற ஏற்பாடுகள் நிறையக் கிடைக்கின்றன. அவை எனக்குப் பிடிப்பதில்லை.

விருந்தில் பாடலாமா? பாடலாம். எல்லோருக்கும் தெரியும், கூடவே பாடுவார்கள். ஆனால் நீங்கள் எதைப் பாடுகிறீர்கள் என்று தெரிந்து பாடுங்கள்.

ஜிப்லி நிறுவனத்தின் அனிமேஷன் படங்களில் வரும் பாட்டுகள் பற்றி அநேகமாக ஏற்கெனவே யோசித்திருப்பீர்கள். "இட்சுமோ நந்தோ தேமோ", 2001இல் யூமி கிமுரா பாடியது, மூலத்திலேயே ஒரு குரலும் ஒரு சின்ன யாழும் மட்டும்தான். நான் மேலே சொன்ன பாத்திரம் கழுவும் சோதனையில் இது ஏற்கெனவே பாதி தேறிவிட்டது. மூன்றடித் தாளம், ஊஞ்சல் போல. ஒருவர் மெட்டு, மூவர் முனகல், பேஸ் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரே ஒரு சுரம், அவ்வளவு போதும். 1986இன் "கிமி ஓ நோசெத்தே"யை இங்கே பள்ளிக் கோரஸ்கள் நிறையப் பாடுகின்றன, அச்சான குரல் ஏற்பாடுகள் எளிதில் கிடைக்கும்.

இப்போதைய ஹிட் பாட்டு ஒன்றாவது வேண்டாமா என்று உங்களில் இளையவர் கேட்பார். ஒஃபிஷியல் ஹிகே தண்டிஸம் குழுவின் "ப்ரிடெண்டர்" (2019), யோஅசோபியின் "யோரு நி ககெரு" (2019) போன்றவை கேட்க அருமையானவை. ஆனால் முதலாவதில் ஆண்குரல் போகும் உயரம் சாதாரணத் தொண்டைக்கு எட்டாது. இரண்டாவதில் சொற்கள் மூச்சுவிட இடமில்லாமல் நெருங்கிவருகின்றன, சுருதியும் நடுவில் மாறுகிறது. கைதேர்ந்தவர்கள் எதையும் செய்வார்கள். அமெரிக்காவின் பென்டடோனிக்ஸ் என்ற அக்கபெல்லாக் குழு, பெர்ஃப்யூம் என்ற ஜப்பானியப் பெண்கள் குழுவின் மின்னணு இசைப் பாட்டுகளையே வாயால் பாடிக் காட்டியது. முதல் மேடைக்கு அது வேண்டாம். பிடிவாதமாக இருந்தால் "ப்ரிடெண்டர்" பல்லவியை மட்டும் மூன்று நான்கு அரைச்சுரம் இறக்கி, பெண்குரலுக்கு மெட்டைக் கொடுத்துப் பாருங்கள்.

வேறொரு மூலையில், பொறுமையான குழுக்களுக்காக, தோரு தகெமிட்சுவின் "சீசனா சோரா", 'சின்ன வானம்'. உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளர், 1962இல் வானொலி நாடகத்துக்காகத் தானே சொல்லும் எழுதி இசையமைத்த எளிய பாட்டு. பின்னால் அவரே வாத்தியமில்லாத கோரஸுக்கு ஏற்பாடு செய்தார். மெட்டைக் குழந்தையும் பாடலாம், கீழே கார்டுகள் மட்டும் மாலை வெளிச்சம் போல நிறம் மாறிக்கொண்டே இருக்கும். நடுக்குரலாக நான் பாடியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். இரண்டு வருடம் கழித்து எடுங்கள்.

சொற்களின் உச்சரிப்புக்கு வருகிறேன். இதில் நமக்குப் பெரிய வசதி இருக்கிறது, ஒரு பொறியும் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் உயிரொலிகள் ஐந்து, அ இ உ எ ஒ, அவற்றின் குறில் நெடில் வேறுபாடு பொருளையே மாற்றும். நமக்கு இது சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விஷயம். ஒற்று இரட்டிப்பதும் நமக்கு இயல்பு. அவர்களின் 'ன்' எழுத்துக்குப் பாட்டில் தனி மாத்திரை உண்டு, அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்து அது ம், ந், ங் என்று மாறும். சங்கு, பந்து, பம்பு என்று நாம் பேசுவது போலவேதான். கோரஸில் அந்த 'ன்' வரும்போது ஐவரும் ஒரே கணத்தில் வாயை மூடினால் அடிக்கிற மணி போல ஒலிக்கும்.

பொறி என்னவென்றால், நம் எழுத்தில் க ஒன்றுதான், த ஒன்றுதான். பாட்டைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டால், இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும் க்-ஐ நாம் நம்மை அறியாமல் மெலிதாக்குவோம், த்-ஐ 'd' ஒலியாக்குவோம். உத்தா 'உதா' ஆகும், கேட்பவருக்கு வேறு சொல்லாகப் படும். இந்தப் பதிலிலேயே பல பெயர்களில் ஒற்றை இரட்டித்து எழுதியிருப்பது அதனால்தான், உண்மையில் அங்கே இரட்டிப்பு கிடையாது. ஹிரகானா அடிப்படை எழுத்துகள் 46தான். ஜப்பானில் இருக்கிறீர்கள், படித்துவிடுங்கள், பாட்டுத்தாளை அதிலேயே எழுதுங்கள். 'ட்சு' ஒலியையும் தனியாகப் பழகுங்கள். ட்சுபாசா என்பதை நாம் சுபாசா என்று சொல்லிவிடுகிறோம்.

கர்நாடக சங்கீதம் கற்றவர் உங்களில் இருந்தால் இன்னொன்று. நானும் சிறுவயதில் ஆறு வருடம் கற்றவன். குழுவில் சேர்ந்த முதல் மாதம் எனக்குக் கிடைத்த திருத்தம் ஒரே சொல்: "மஸ்ஸுகு". நேராக. நீண்ட சுரத்தில் என் குரல் தன்னால் லேசாக அசைந்தது. தனியாகப் பாடினால் அது அழகு, கார்டுக்குள் அது மற்ற நால்வரையும் கலைத்துவிடும். வெள்ளைத் தலை போட்ட நீண்ட சுரங்களை இங்கே 'ஷிரதாமா' என்பார்கள், அரிசிமாவு உருண்டைக்கும் அதே பெயர். அந்த உருண்டை அசையாமல் இருக்கவேண்டும்.

ஆனால் தம்புராவோடு பழகிய காது இங்கே பெரிய சொத்து. அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். சட்ஜத்திலிருந்து பியானோவின் அந்தர காந்தாரம் 400 சென்ட்டில் இருக்கிறது, இயற்கையான காந்தாரம் சுமார் 386 சென்ட். அந்த 14 சென்ட் வித்தியாசம்தான் கார்டு மின்னுவதற்கும் மந்தமாக நிற்பதற்கும் காரணம். தம்புராவின் அடித்தந்தியில் தானாக எழும் காந்தாரத்தைக் கேட்டுப் பழகியவர் அந்த இடத்துக்குக் குரலைத் தானாகவே கொண்டுபோய் வைப்பார். உங்கள் கார்டில் காந்தாரம் பாடும் வேலையை அவரிடம் கொடுங்கள். கைபேசியில் வரும் கீபோர்டு செயலியை வைத்து ஒத்திகை செய்வதைவிட சுருதிப்பெட்டி வைத்துச் செய்வது நல்லது.

சுருதி இறங்குவது பற்றி. எங்கள் முதல் பொது நிகழ்ச்சியில் "ட்சுபாசா ஓ குதசாய்" தொடங்கிய சுருதி ஒன்று, முடிந்த சுருதி முழுச் சுரம் கீழே. பாடும்போது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பதிவைக் கேட்டபோதுதான் தெரிந்தது, அன்று இரவு யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணத்தைத் தேடியதில், திரும்பத் திரும்ப வரும் ஒரே சுரத்தில்தான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சரிந்திருந்தோம். அதன்பின் இரண்டு விஷயம் செய்தோம். ஒரே சுரம் தொடர்ந்து வந்தால் ஒவ்வொன்றையும் முந்தையதைவிட உயரமாக நினைத்துப் பாடுவது. பாட்டையே அரைச்சுரம் ஏற்றித் தொடங்குவது. அந்த அரைச்சுரம் ஏன் உதவுகிறது என்று என்னால் விளக்க முடிந்ததில்லை, ஆனால் உதவியது.

காப்புரிமை பற்றி ஒரு வார்த்தை. நுழைவுக் கட்டணம் இல்லை, பாடுகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை, லாப நோக்கம் இல்லை என்றால் ஜப்பானியக் காப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, வெளியான பாட்டை மேடையில் பாட இடம் கொடுக்கிறது. பாட்டை மாற்றி எழுதுவது அதில் அடங்காது. அதனால் முடிந்தவரை கடையில் கிடைக்கும் அச்சான அக்கபெல்லா ஏற்பாடுகளை வாங்குங்கள்.

உங்களுக்கான வரிசை என்று கேட்டால்: முதலில் "ட்சுபாசா ஓ குதசாய்", பிறகு "யுமெ தே அஎத்தரா", கடைசியில் சீட்டியோடு "உஏ ஓ முயித்தே அருக்கோ". மூன்று போதும், பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். செப்டம்பரில் தொடங்குங்கள். முதல் மூன்று ஒத்திகைகளில் மெட்டுக்காரரைப் பாடவிடாமல் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். மற்ற நால்வரும் "ஊ", "ஆ" மட்டும் முழுப்பாட்டுக்கும் பாடட்டும். இப்போது எந்த இடம் பாடுகிறார்கள் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தால், நான்காவது ஒத்திகையில் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.